சீதன வீட்டில் பூட்டிய ஸ்பீக்கர்

வேலையை விட்டு வந்த பிறகும் கடைப் பெடியன்மார் என்னை விட்டபாடில்லை. போன கிழமை பிரதீபன் போன் எடுத்தான். மட்டக்களப்புப் புளியந்தீவில் நான் வேலை பார்த்த அந்த ஒலிபெருக்கிக் கடையில் இப்போது மூத்த ஆள் அவன்தான்.

“அண்ணன், புது அப் ஒண்டு வந்திரிக்கு. போனை அறைக்கு நடுவுல வச்சாக் காணும். எந்தப் பெட்டி எவ்வளவு தூரம், எதுல சத்தம் கூட, எதுல குறைய எண்டு எல்லாத்தையும் அதுவே அளந்து போடுது.”

“அப்ப நீங்க என்ன செய்யிறீங்க?”

“தேத்தண்ணி குடிக்கிறம்.”

உள்ளதைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. அறையின் ஒலியைப் பிடிப்பதற்காக ஊரார் வீட்டு நிலமெல்லாம் முழங்காலில் தவழ்ந்து திரிந்தவன் நான். “உங்கட அப் மாமியாரையும் அளக்குமா?” என்று கேட்டேன். விளங்காமலே சிரித்தான். பிறகு, அது என்ன கதை, சொல்லத்தான் வேண்டும் என்று நின்றான். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகையால் இது பிரதீபனுக்கும், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும்.

நான் தொழில் படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோயில் திருவிழாக்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற கூட்டத்தில் ஒருவனாகச் சேர்ந்தேன். தென்னை மரத்தில் ஏறி, குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று கீழே நிற்கிற நிர்வாக சபையார் சண்டை பிடித்து முடிக்கும்வரை மேலே தொங்கிக்கொண்டிருப்பதுதான் வேலை. எதிர்க்கட்சிக்காரர் வீட்டைப் பார்த்துத் திருப்பச் சொல்வதில் மட்டும் எல்லாச் சபையாரும் ஒரே மாதிரி. அதன் பிறகு வானொலிப் பெட்டி திருத்தினேன், கொழும்புக்குப் போய்க் கொஞ்சம் படித்தேன், நல்லதம்பி முதலாளியின் கடையில் வந்து ஒதுங்கினேன். ஓய்வு பெறும்வரை அங்கிருந்து நகரவில்லை.

நல்லதம்பி முதலாளி விலையுயர்ந்த ஸ்பீக்கர்களை விற்றார் என்று சொல்வதைவிட, வாங்க வந்தவர்களைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வதுதான் பொருத்தம். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு, ஒருநாளும் குரல் உயர்த்தாமல், மகனே என்பதைச் சுருக்கி எங்கள் எல்லோரையும் ‘மனே’ என்றே கூப்பிடுவார். கடைக்குள் வந்ததும் “எத்தனை வாட்?” என்று கேட்பவர்கள் உண்டு. முதலாளி மிகவும் கவலையான முகத்தோடு, “உங்கட வீட்டுல ஆருக்கும் காது கேக்கிறல்லையா?” என்று விசாரிப்பார். அவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்களைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

மிஞ்சி நிற்கிறவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போவார். யன்னலைச் சாத்துவார். மின்விசிறியை நிறுத்துவார். மட்டக்களப்பு வெயிலில் மின்விசிறியை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோப்பையில் பால் விடாத வெறுந்தேத்தண்ணி வரும், கீழே தட்டு வராது. தட்டு இருந்தால் கிலுகிலு என்று சத்தம் போடும் என்பது அவருடைய விளக்கம். தேத்தண்ணி குடித்து முடியும்வரை யாரும் பேசக்கூடாது. தெருவுச் சத்தம் காதைவிட்டு இறங்க வேண்டுமாம்.

பிறகு போடுவார். பாட்டு இல்லை. தன் மனைவி தேங்காய் துருவுகிற சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தார், அதைத்தான் போடுவார். “பாட்டுல பொய் சொல்லலாம் மனே. தேங்காயில ஏலாது. அந்தச் சத்தம் தெரியாத ஆள் இந்த ஊரில ஆர் இரிக்கா?” என்பார். வந்தவர் தன்னையறியாமல் பின்னால் திரும்பி, யார் துருவுகிறார்கள் என்று பார்த்துவிட்டால் அந்த ஸ்பீக்கர் தேறிவிட்டது, அந்த மனிதரும் தேறிவிட்டார். அதற்குப் பிறகுதான் விலையைப் பற்றிய பேச்சு.

விற்றுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. எங்கள் தொழிலில் பாதி ஸ்பீக்கரோடு, மீதிப் பாதி வீட்டுக்காரரோடு. ஒருவர் சத்தம் அமுங்கிப்போய் வருகிறது என்று முறைப்பாடு சொன்னார். போய்ப் பார்த்தால், தூசி படும் என்று வீட்டுக்கார அம்மா பெட்டிகளின் பொலித்தீன் உறையைக் கழற்றவே இல்லை. நான் கழற்றிவிட்டு வந்தேன். மறுபடியும் முறைப்பாடு. மறுபடியும் போனேன், உறை மறுபடியும் ஏறியிருந்தது. இம்முறை மேலே பூ வேலை செய்த துணி ஒன்றும் சேர்ந்திருந்தது. கடைசியில், படம் பார்க்கும்போது உறையைக் கழற்றுவது, விருந்தாளி வந்தால் போடுவது என்று உடன்படிக்கை செய்துவைத்தேன். விருந்தாளிக்குப் பளபளப்பைக் காட்டினால் போதும் என்பது அந்த அம்மாவின் கொள்கை.

ஆனால் பிரதீபன் கேட்ட மாமியார் கதை நடந்தது பழுகாமத்து வீடு ஒன்றில்.

வெளியூர் ஆட்களும் வாசிக்கக்கூடும், அதனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெண் பிறந்ததிலிருந்து தாய் தகப்பன் வீடு கட்ட யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணம் முடிந்தால் மணமகன்தான் தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்து சேருவார். பெண் தாயின் வளவிலேயே, அதே காணிக்குள்ளேயே இருப்பாள். இதில் எங்களுக்கு எந்தப் புதினமும் இல்லை.

பழுகாமத்தில் கண்மணி அம்மா தன் ஒரே மகள் நிலானிக்கு அப்படி ஒரு வீடு கட்டியிருந்தார். நெல் வைத்திருக்கிற பெரிய கை. கணவர் கந்தையா அண்ணன் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, விடியப் போனால் இருட்டத்தான் வருவார். அவ்வளவு வேலையா என்று ஒருமுறை கேட்டேன். “வீட்டுல இருந்து பாத்திரிக்கீங்களா தம்பி?” என்று திருப்பிக் கேட்டார்.

மாப்பிள்ளை ரமணன் கப்பலில் இஞ்சினியர். தகப்பன் இல்லை, தாய் சரஸ்வதி அம்மாவுக்கு ஒரே பிள்ளை. எங்கள் கடைக்குப் பின்தெருவில்தான் வீடு. விடுமுறைக்கு வருகிறபோதெல்லாம் எங்கள் பின்னறையில் வந்து வியர்த்து வடிய உட்கார்ந்து தேங்காய் துருவுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவார். கல்யாணம் பேசி முடிந்ததும், இத்தனை காலம் கனவு கண்ட முழுத் தொகுதியையும் வாங்கினார். முன்னால் நிற்க என் நெஞ்சளவு உயரத்தில் இரண்டு பெரிய பெட்டிகள், திரைக்குக் கீழே ஒன்று, இருக்கைக்குப் பின்னால் வைக்க இரண்டு சின்னப் பெட்டிகள், அடித்தொண்டைச் சத்தத்துக்கு ஒரு சப் வூஃபர். முதலாளி அந்தப் பெட்டிகளைக் கொடுக்கும்போது பெண் கொடுக்கிற தகப்பன் மாதிரி நின்றார்.

முதலாளியும் நானும் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து இடம் பார்க்கப் போனோம். வீட்டின் பின்பக்கத்துப் பெரிய அறையைத் தியேட்டருக்கு ஒதுக்கியிருந்தார்கள். கண்மணி அம்மா மேசனையும் கூப்பிட்டு, உளியோடு ஆயத்தமாக நிறுத்தியிருந்தார்.

“தம்பி, எல்லாத்தையும் சுவருக்குள்ள வச்சுப் பூசிப்போடுங்க. முகம் மட்டும் தெரிஞ்சாக் காணும்.”

முதலாளி மெதுவாக, இந்தப் பெட்டிகள் சுவருக்குள் வைக்கிற சாதி இல்லை, பின்னால் மூச்சுவிட இடம் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். தூசி பிடிக்கும் என்றார் கண்மணி அம்மா. பிள்ளைகள் பிறந்தால் தள்ளி விழுத்தும் என்றார். பூனை ஏறும் என்றார். பூனை எங்கே என்று பார்த்தேன், இல்லை. பிறகு என்னைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னார்.

“என்ட அக்காட மருமகன் விட்டுத்துப் போகேக்குள்ள பிறிஜைக் கொண்டுபோனான் தம்பி. டீவியைக் கொண்டுபோனான். சுவரில கிடந்த மணிக்கூட்டையும் கழட்டித்துப் போனான். அவன் கொண்டுபோகாதது சுவர் மட்டும்தான். அதுதான் சொல்றன், என்ட புள்ளட வீட்டுக்குள்ள வாறது வீட்டோடயே நிக்கணும்.”

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. வெளியே வந்தால், வேலிக்கரையில் ரமணன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன், கட்டில் மாமிட. அலுமாரி மாமிட. நான் படுக்கப்போற தலகணியும் மாமிட. எனக்கெண்டு சொல்ல இந்த வீட்டுல ஒண்டு நிக்கட்டும். நிலத்துல நிக்கட்டும், சுவருக்குள்ள வேணாம்.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நிலானியிடம் கேட்டேன். “எனக்கு ரிமோட்டைத் தந்தாக் காணும் அண்ணன்,” என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் தெளிவாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

முதலாளி அறையின் நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். பிறகு மேசனைக் கூப்பிட்டு, பெரிய பெட்டிகளுக்குக் கீழே சீமெந்தில் ஒவ்வொரு பீடம் கட்டச் சொன்னார். பீடத்தில் இரும்பு நட்டுப் பதித்து, அதில் பெட்டியை இறுக்கிப் பூட்டுவது என்று தீர்ப்பு. பாரமான பெட்டி பாரமான பீடத்தில் அசையாமல் நின்றால் சத்தமும் தெளிவாக வரும் என்பது உண்மைதான், அவர் தொழிலுக்குத் துரோகம் செய்யவில்லை. பெட்டி நிலத்தில் நிற்கிறது என்று மருமகனுக்குச் சந்தோசம். பெட்டி கழன்று போகாது என்று மாமியாருக்குச் சந்தோசம். நட்டுத் திருகுகிற சாவியைக் கண்மணி அம்மா வாங்கித் தன் சாவிக் கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ரமணன் அதைப் பார்த்துச் சிரித்தார். கப்பல் இஞ்சினியரிடம் இல்லாத சாவியா?

பீடம் காய்ந்ததும் பொருத்துகிற வேலை. பெட்டிக்குப் பெட்டி எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் பார்ப்பவரின் தலை இருக்க வேண்டும். அதற்கு நூல் பிடித்தோம். இரண்டு பெட்டிகளின் முகத்தையும் மயிரிழை மயிரிழையாக உள்ளே திருப்பினோம். இந்த விடயத்தில் முதலாளிக்குப் பொறுமை என்பது அளவே இல்லாமல் இருந்தது. நான் திருப்பினால், “கூடிப்போச்சு மனே,” என்பார். திரும்பக் கொண்டுவந்தால், “இப்ப குறைஞ்சுபோச்சு,” என்பார். அவருக்குத் திருப்தியான இடம் நான் முதலில் வைத்த இடம்தான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அடுத்தது சப் வூஃபர். அதை எந்த மூலையில் வைத்தால் சத்தம் சீராக வரும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஒரு முறை வைத்திருக்கிறோம். ஆள் இருக்கிற இடத்தில், அதாவது சோபாவில், சப் வூஃபரைத் தூக்கி உட்காரவைப்பது. அதை இடிக்க விட்டு, நாங்கள் நிலத்தில் தவழ்ந்து ஒவ்வொரு இடமாகக் காது வைப்பது. எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் அதை வைத்தால், சோபாவில் இருப்பவருக்கும் அப்படியே கேட்கும். சப் வூஃபர் சோபாவில் மாப்பிள்ளை மாதிரி வீற்றிருக்க, நான் தவழ்ந்தேன்.

“என்ன தம்பி, எதைத் துலைச்சிட்டீங்க?” என்று வாசலில் நின்று கண்மணி அம்மா கேட்டார்.

“சத்தத்தைத் தேடுறன் அம்மா.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தன் வீட்டில் தனக்குத் தெரியாத ஒன்றை வேறு ஒருவன் தேடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் முழங்காலில் இறங்கிவிட்டார். “இஞ்ச இல்ல… இஞ்சயும் இல்ல… ஆ, இஞ்ச வாங்க தம்பி, இஞ்சதான் வயித்துக்குள்ள இடிக்கிது!” என்று இடது பக்கத்துப் பீடத்துக்கு அருகில் இருந்து கத்தினார். அந்த இடமேதான். ரமணன் எதிரொலி பார்ப்பதற்காக அறையின் நடுவில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். ஒருநாளும் இல்லாமல் அந்த நேரம் பார்த்துக் கந்தையா அண்ணன் வட்டையிலிருந்து சோற்றுக்கு வந்தார். மனைவி ஒரு பக்கம் தவழ, நான் மறுபக்கம் தவழ, வருங்கால மருமகன் நடுவில் நின்று கை தட்டுவதைக் கண்டார். வந்த வழியே வட்டைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

முதலாளியும் ஒருமுறை கை தட்டிப் பார்த்தார். புதிதாகக் கட்டிய கல் வீடுகளில், மாபிள் நிலத்திலும் சீமெந்துச் சுவரிலும் பட்டுச் சத்தம் கிணற்றுக்குள் விழுந்த வாளிபோல் கலகலக்கும். கம்பளம், திரைச்சீலை என்று அதை அடக்குவதற்கே எங்கள் சீவன் போய்விடும். இந்த அறையில் தட்டினால் தட்டிய இடத்திலேயே சத்தம் அடங்கியது. “என்ன மாதிரி அறை மனே இது!” என்று முதலாளி பூரித்துப்போனார். சுவரைப் பூசிய விதம்தான் காரணம் என்று முடிவுகட்டி, மேசனிடம் போய்க் கை கொடுத்தார். மேசனும், தான் அப்படித்தான் பூசுவது வழக்கம் என்று அடக்கமாகச் சொன்னார்.

பின்சுவரை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை, ஏனென்றால் அது தெரியவே இல்லை. பழைய களஞ்சியத்துக் கூரை ஒழுகுகிறது என்று, பெரும்போகத்தில் அறுத்த நெல் முழுவதையும் சாக்குச் சாக்காக அந்தச் சுவரோடு கூரைவரை அடுக்கியிருந்தார்கள். நல்ல விலை வரும்வரை கிடக்கட்டும் என்று கண்மணி அம்மாவின் கணக்கு. கல்யாணத்துக்கு வந்த பந்தல்காரர் அதற்கு மேல் அலங்காரத் துணியும் கட்டிவிட்டார். அந்த ஊரில் நெல் மூட்டையைப் பார்த்து யார் அதிசயிப்பது? நாங்களும் அதை ஒரு அலுமாரி மாதிரி நினைத்துவிட்டோம்.

கடைசியாகத் தேங்காய் துருவல். முதலாளி போட்டதுதான் தாமதம், கண்மணி அம்மா எழுந்து விறுவிறு என்று குசினிக்குப் போனார். திரும்பி வந்து, “குசினிக்குள்ள ஒருத்தரும் இல்ல. ஆர்கா துருவுறது?” என்றார். முதலாளி அன்றைக்கு வழி நெடுக எனக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டே வந்தார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. ரமணன் கப்பலுக்குப் போனார், விடுமுறையில் வந்தார். வந்த மறுநாளே நிலானி கடைக்குப் போன் எடுத்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

“அண்ணன், இண்டைக்கே வாங்க. பெட்டி செத்துப்போச்சாம். இவர் ஸ்பனரை எடுத்துத்தார்.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் கருவிப் பையைத் தூக்கினேன். பெட்டி அந்த வீட்டை விட்டு இறங்கினால் அதற்குப் பின்னால் யார் இறங்குவார் என்று எனக்குத் தெரியும். முதலாளிக்கு அப்போது முழங்கால் வலி, நானும் வாறன் மனே என்று தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாங்கள் போனபோது ரமணன் இடது பெட்டிக்கு முன்னால் ஸ்பனரோடு குந்தியிருந்தார். கண்மணி அம்மா அறை வாசலுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போவதென்றால் அவரிடம் அனுமதி வாங்கித்தான் போக வேண்டியிருந்தது.

“ஆரோ பெட்டியைக் கழட்டி நோண்டியிரிக்காங்க அண்ணன்,” என்றார் ரமணன். “நான் போகேக்குள்ள இப்படி இல்ல. கதைக்கிறது கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குது. சாவி ஆரிட்ட இருந்தது?”

“கேட்டீங்களா தம்பி? பேர் சொல்லாம என்னைத்தான் கள்ளி எண்டுறார். நான் அதுல ஒரு விரல் வைக்கல்ல.”

“நான் இதைக் கழட்டி அம்மாட வீட்ட கொண்டுபோறன். பிரச்சினை முடிஞ்சுது.”

“கொண்டுபோகட்டும். என்னைத் தாண்டிக் கொண்டுபோகட்டும். அக்காட வீட்டுல நடந்தது இஞ்சயும் நடக்கும் எண்டு நான் அண்டைக்கே சொன்னன்!”

நிலானி இரண்டு பேருக்கும் நடுவில் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எதை அமத்தினால் இது நிற்கும் என்று தெரியாமல் நிற்கிறாள் போலிருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. இவ்வளவும் எங்கள் பெட்டியால் வந்த வினை.

முதலாளி ஒன்றுமே நடக்காததுபோல, “ஒரு வெறுந்தேத்தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டார். தட்டு வேண்டாம் என்றும் சொன்னார். குடித்து முடியும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அதுவே பெரிய உதவி. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து ஒருமுறை கை தட்டினார். அறை கலகலவென்று திருப்பித் தட்டியது. இன்னொருமுறை தட்டினார். பிறகு மெல்லத் திரும்பி, வெறுஞ்சுவராகப் பளிச்சென்று நின்ற பின்பக்கத்தைப் பார்த்தார்.

“நெல்லு எங்க?”

“நல்ல விலை வந்தது, வித்தாச்சு,” என்றார் கண்மணி அம்மா.

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. கதிரையில் விழுந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “அந்த மேசனுக்குப் போய்க் கை குடுத்தேனே மனே!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கு நான்தான் விளங்கப்படுத்தினேன். சாக்கும் நெல்லும் சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தன, அதனால்தான் அந்த அறை அவ்வளவு அருமையாக இருந்தது. நெல் போனதும் சத்தம் சுவரில் பட்டுத் தெறிக்கிறது. பெட்டியை யாரும் தொடவில்லை.

ரமணன் நம்பவில்லை. கண்மணி அம்மாவும் நம்பவில்லை. அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன முதல் விடயம் அதுதான். பார்த்துவிடுவோம் என்று, சத்தம் கேட்டு வட்டையிலிருந்து வந்து நின்ற கந்தையா அண்ணன் உழவு இயந்திரத்தில் போய், கூரை திருத்திய பழைய களஞ்சியத்தில் கிடந்த விதை நெல்லையும், அயலில் இரவலாகக் கிடைத்த மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்பனரைக் கீழே போட்டுவிட்டு, ரமணன் சேட்டைக் கழற்றி மூட்டை சுமந்தார். கப்பல்காரருக்குச் சாக்குச் சுமக்கத் தெரியவில்லை, தலையிலும் இல்லாமல் தோளிலும் இல்லாமல் கழுத்தில் வைத்துக்கொண்டு தள்ளாடினார். கண்மணி அம்மா கதிரையை விட்டு எழுந்து வழிவிட்டார். “மெதுவா, மெதுவா… அந்த மூலைக்கு… கொஞ்சம் இடக்கைப் பக்கம்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், முடிந்ததும் மருமகனின் முதுகில் ஒட்டியிருந்த உமியைத் தன் முந்தானையால் தட்டிவிட்டார்.

முதலாளி கை தட்டினார். சத்தம் தட்டிய இடத்திலேயே அடங்கியது.

ரமணன் தலையைக் குனிந்துகொண்டு, “மாமி, நான் சொன்னது பிழை,” என்றார். பிறகு, “வாங்க, நீங்க நடுவில இருங்க,” என்று நல்ல இடத்தில் அவரை உட்காரவைத்தார். அதுவரை அந்த இருக்கையில் ரமணனைத் தவிர வேறு யாரும் இருந்து நான் கண்டதில்லை. நிலானி கல்யாண வீடியோவைப் போட்டாள்.

மேளம் அறைக்குள் வந்தது. தாலி கட்டும்போது கண்மணி அம்மா தன்னை மறந்து கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில், சாப்பாடெல்லாம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையை விட்டுவிட்டு வான் வண்டியில் ஏறிப் புறப்படுகிற கட்டம். முன் பெட்டிகளில் சிரிப்பும் சலசலப்பும். பின்னால் இருந்த சின்னப் பெட்டிகளிலிருந்து விக்கி விக்கி ஒரு அழுகைச் சத்தம் வந்தது.

கண்மணி அம்மா சட்டென்று பின்னால் திரும்பினார். “ஆர் அழுறது?”

“ஒருத்தரும் அழல்லையே அம்மா,” என்றாள் நிலானி.

“திரும்பப் போடு புள்ள.”

திரும்பவும் போட்டாள். திரையில் அழுகிறவர் யாரையும் காணவில்லை. சத்தம் மட்டும் தெளிவாக இருந்தது.

“அது எங்கட அம்மா,” என்றார் ரமணன். “கமராக்காரனுக்குப் பக்கத்துல நிண்டிருப்பா.”

கல்யாணத்தன்று வளவு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்டிருக்காது, மகனுக்கும்தான். அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

“எனக்கென்ன தம்பி,” என்று கண்மணி அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். “நான் பொம்பிளைப் புள்ளையப் பெத்தவள். என்ட புள்ள என்ட வளவுக்குள்ளயே கிடக்கு. அந்த மனிசி ஒண்டே ஒண்டையும் எனக்குத் தந்துத்துப் போயிரிக்கா. எனக்கு அது அண்டைக்குக் கேக்கல்லையே.”

இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார்.

“பின்னால இரிக்கிற சின்னப் பெட்டி ரெண்டையும் கழட்டுங்க. கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டுல பூட்டி விடுங்க. மருமகன் போய் இருந்து கேக்க அங்கயும் ஏதும் இரிக்கணும்.”

“அப்ப இஞ்ச பின்பக்கத்துக்கு?” என்று முதலாளி தொழில் விடாமல் கேட்டார்.

“பின்பக்கத்துக்குத்தான் நெல்லுக் கிடக்கே.”

அந்தச் சின்னப் பெட்டிகளுக்கு நட்டுமில்லை, சாவியும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கழற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் புளியந்தீவில் சரஸ்வதி அம்மா வீட்டுக்குப் போனேன். சின்ன மண்டபம், இரண்டு கதிரை, சுவரில் ரமணன் சீருடையோடு நிற்கிற படம். ரமணனின் பழைய அம்பிளிபயர் ஒன்று மூலையில் கிடந்தது, அதுவே போதும். யார் அனுப்பியது, ஏன் அனுப்பியது என்று நடந்ததைச் சொன்னேன். வீடியோவில் அழுகை கேட்டதை மட்டும் சொல்லாமல் விட்டேன். ரமணன் ஞாயிற்றுக்கிழமை நிலானியோடு வந்து இதில் பாட்டுக் கேட்பார் என்று சொன்னேன்.

அம்மா பெட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் சுவரில் தாங்கி வைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, இதை ஆரும் கழட்டித்துப் போகலாமா?”

“ரெண்டு ஆணிதானே அம்மா. வேணுமெண்டா நிமிசத்துல கழட்டலாம்.”

“அப்பிடியெண்டா ஆணி வேணாம்,” என்றார். “சுவருக்குள்ள வச்சுப் பூசிப்போடுங்க.”

சுவருக்குள் வைத்தால் சத்தம் கெட்டுப்போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டு, உளியை எடுத்தேன்.